மியூசியத்துல வைக்க வேண்டியவன் எழுதுறது

ஞாயித்துக்கிழமை நடந்த கூத்து உங்க எல்லாருக்கும் தெரியும், அதனால முழுக்கதையும் சொல்லப்போறதில்ல. என் கடை கம்ப்யூட்டர் திரையைப் படம் புடிச்சுப் போட்டு "வேலூர் கோட்டை மியூசியத்துக்குப் புது வரவு"ன்னு எழுதின தம்பிக்கும், அதுக்குக் கீழ ஹாஹா போட்ட அத்தனை பேருக்கும் வணக்கம். அதுல என் சொந்த மச்சானும் ஒருத்தர். ரொம்ப சந்தோஷம் மச்சான், பொங்கலுக்கு வருவீங்க இல்ல?

கோவம் இல்ல. கோவமே இல்ல. மூணு நாள் ஆறப்போட்டுட்டுத்தான் எழுதுறேன்.

அந்தப் படத்துல இருக்கிறது ஒரு ஓடைப் படிப்பான், இங்கிலீஷ்ல ஆர்எஸ்எஸ் ஃபீடு ரீடர். (ஓடைன்னா ஒரு தளம் புதுசாப் போட்டதோட பட்டியல், ஆர்எஸ்எஸ்ங்கிறது அதோட வடிவம்.) இடது பக்கம் எனக்குப் புடிச்ச தளங்களோட பேரு. வலது பக்கம் அதுல புதுசா வந்த கட்டுரைகளோட தலைப்பு, வந்த நேர வரிசையில. அவ்வளவுதான். ரீல்ஸ் கிடையாது, "உங்களுக்காகப் பரிந்துரைக்கிறோம்" கிடையாது, முடி கொட்டுறதுக்கு எண்ணெய் கிடையாது. (முடி கொட்டிப்போச்சு, அது வேற விஷயம்.) தமிழ்மணம் (வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டின தளம்) காலத்துல எழுதினவங்களுக்கு ஓடை, திரட்டி எல்லாம் வீட்டுச் சொல்லு. இப்ப சொன்னா "எந்த ஓடை அண்ணா, ஓட்டேரியா?"ன்னு கேக்குறாங்க.

நான் சொல்றது ஒரே ஒரு விஷயம். நான் எதைப் படிக்கணும், எந்த வரிசையில படிக்கணும்னு நான் முடிவு பண்ணணும். வேற ஒருத்தன் பண்ணக்கூடாது. இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு மூணு நாளா யோசிக்கிறேன், புரியல.

எங்க நைனா ஆர்.எம்.எஸ்.ல, அதான் ரயில்வே தபால் சேவையில, இருந்தவர். ஓடுற ரயில்ல நின்னுகினே கடிதம் பிரிக்கிற உத்தியோகம். காட்பாடியில ஏறினார்னா விடிய விடிய ஊர்வாரியா, தடுப்புத் தடுப்பா இருக்கிற அந்த சார்ட்டிங் கேஸ் அலமாரியில போட்டுகினே போவார். வீட்டுக்கு வந்து தூங்கும்போதும் கை ஆடும்னு அம்மா சொல்லும். அத்தனை வருஷத்துல ஒருநாளாவது "இந்த லெட்டர் இவருக்கு அவ்வளவா புடிக்காது, அடியில தள்ளு, அந்த லெட்டர்ல சண்டை இருக்கு, மேல வை"ன்னு பண்ணியிருப்பாரா? பண்ணியிருந்தா சஸ்பெண்ட். இன்னிக்கு அதையே பண்ணா அதுக்குப் பேரு அல்காரிதம், பண்றவனுக்கு மாசம் லட்சத்துல சம்பளம்.

2021 நவம்பர் ஞாபகம் இருக்கா? பாலாத்துல தண்ணி வந்தது. நம்ம ஊர்க்காரனுக்கு ஆத்துல தண்ணி வர்றதே திருவிழா, பார்க்கப் போவாம இருக்க மாட்டான். "தரைப்பாலத்துப் பக்கம் போவாதீங்க"ன்னு ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது எனக்கு ஒரு தளத்துல எப்பத் தெரிஞ்சது தெரியுமா? வெள்ளம் வடிஞ்சு, ஜனங்க செருப்பு தேடிக்கிட்டு இருந்த மூணாம் நாள். "முக்கியமான பதிவு"ன்னு மேல தூக்கி வச்சிருந்தது. நேர வரிசையில காட்டுறதுக்குக் கூடவா இவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கு வக்கில்ல?

இப்ப தம்பியோட வாதத்துக்கு வரேன். "ஆர்எஸ்எஸ் செத்துப்போன டெக்னாலஜி."

அப்படியா. தினமும் ஆரணியிலருந்து பைக்ல வரும்போது காதுல மாட்டிக்கிட்டு பாட்காஸ்ட் கேக்குறியே, அதுல பெரும்பாலானது எது வழியா வருதுன்னு நினைக்கிற? அதே செத்துப்போன ஆர்எஸ்எஸ்தான். ஓடைக்குள்ள ஒலிக்கோப்போட முகவரியை வச்சு அனுப்புறாங்க, உன் போன் அதைப் பார்த்து இறக்குது. பொணம் உனக்குத் தினமும் கதை சொல்லுது தம்பி, நீ கேட்டுகினு வர்ற.

இன்னொன்னும் தெரிஞ்சுக்க. 1999ல நெட்ஸ்கேப் உலாவிக் கம்பெனியில இதை முதல்ல உண்டாக்கினவங்கள்ல ஒருத்தர் ராமநாதன் குஹா. நம்ம சென்னை ஐஐடியில படிச்சவர். 2000ல வந்த ஆர்எஸ்எஸ் 1.0 வேலையில இருந்த ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்ப 14 வயசு. 14 வயசுப் பையன் கைவச்ச விஷயத்தைப் பார்த்து "கிழவனுங்க சமாச்சாரம்"னு எழுதியிருக்க.

கூகுளோட ஓடைப் படிப்பான், கூகுள் ரீடரையே மூடிட்டாங்களேன்னு கேப்பீங்க. ஆமாம், மூடிட்டாங்க, 2013 ஜூலை 1. அன்னிக்கு மூடினது ஒரு கடை, தெரு இல்ல. எல்லா ஓடையும் ஒரே கோப்பா, ஓபிஎம்எல்னு, வெளிய எடுத்துக்க முடிஞ்சது. பென்டிரைவ்ல போட்டுகினு வேற படிப்பானுக்குப் போயிட்டேன். அதே பட்டியல்தான், கூட்டிக் குறைச்சு, இன்னிக்கும் என்கிட்ட இருக்கு. நீங்க பின்தொடர்ற ஆளுங்களோட பட்டியலை இப்படி ஒரு கோப்பா எடுத்துகினு அடுத்த ஆப்புக்குப் போய்ப் பாருங்களேன், பார்க்கலாம்.

நம்ம ஊரையே "சாமியில்லா கோயில், ராஜா இல்லா கோட்டை, தண்ணியில்லா ஆறு"ன்னு கேலி பண்ணவங்க உண்டு. அந்தச் சாமியில்லாத கோட்டைக் கோயிலுக்கே 1981ல சத்துவாச்சாரியிலருந்து லிங்கம் திரும்பி வந்துச்சு. இதுக்கும் ஓடைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, மியூசியம்னு சொன்னதால கோட்டை ஞாபகம் வந்தது.

"இப்பல்லாம் எந்தத் தளத்துல அண்ணா ஓடை இருக்கு?" இதைக் கேட்டது வேற ஒரு தம்பி, மரியாதையாவே கேட்டார். நியாயம், நிறையப் பேர் எடுத்துட்டாங்க. ட்விட்டர்ல ஒரு காலத்துல இருந்தது, நிறுத்திட்டாங்க. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலயே ஓடையைச் சேமிக்கிற வசதி இருந்தது, 2018 கடைசியில தூக்கிட்டாங்க. ஆனா வேர்ட்பிரஸ்ல நடக்கிற தளம்னா முகவரிக்குப் பின்னாடி ஒரு சாய்கோடு போட்டு இங்கிலீஷ்ல ஃபீட்னு (/feed) அடிங்க, பெரும்பாலும் வரும். பிளாக்கர்ல இருக்கு. பிபிசி தமிழ்ல இருக்கு. யூடியூப் சேனலுக்கே இருக்கு, மணியை அழுத்துங்கன்னு அவங்க கத்துறதைக் கேக்காமலே புது வீடியோ வந்தது தெரியும். மீதி இடத்துல இல்லைன்னா அது ஓடையோட குத்தமா?

அடுத்தது, "போன் இருக்கும்போது எவன் டெஸ்க்டாப் ஆப் போடுவான்?" இதுக்குத்தான் எனக்கு உண்மையிலயே எரிஞ்சது. ஏன்னா நான் சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்துக்குப் பத்து சர்வீஸ் கடை வச்சிருக்கிறவன். என் மேசைக்கு வர்ற லேப்டாப்புங்களைப் பார்த்துட்டுப் பேசணும். அரசு கொடுத்த இலவச லேப்டாப், இன்னும் வருது. அக்கா படிச்சு, தம்பி படிச்சு, இப்ப சித்தி பையன் படிக்கிறான். கீல் உடைஞ்சு ரப்பர் பேண்டு போட்டிருக்கும். அதுல விண்டோஸோட கூட பாஸ் (BOSS) லினக்ஸ்ங்கிற இயங்குதளமும் போட்டுக் கொடுத்தாங்க, மத்திய அரசோட சென்னை சி-டாக் மையத்துல உருவாக்கினது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பீங்க?

அந்த மிஷின்ல, தம்பி "அழகான" ஆப்புன்னு சிபாரிசு பண்றதைப் போட்டுப் பாருங்க. எலக்ட்ரான்ல, அதாவது வெப்சைட் மாதிரி எழுதினதை டெஸ்க்டாப் ஆப்பா ஆக்குற கருவியில, செஞ்சது. எல்லா இயங்குதளத்துலயும் ஓடும்ங்கிறது உண்மைதான். எப்படி ஓடுதுன்னா, ஒவ்வொரு ஆப்பும் தனக்குன்னு ஒரு முழு குரோமியம் உலாவியை முதுகுல தூக்கிகினு வருது. ஒரு டம்ளர் மோர் கேட்டா மாட்டையும் கூட ஓட்டிகினு வர்ற மாதிரி. மூணு ஆப்பு திறந்தா மூணு மாடு. 2 ஜிபி மெமரி இருக்கிற மிஷின் எங்க போவும்?

அதுக்காக விண்டோஸுக்கு ஒன்னு, மேக்குக்கு ஒன்னுன்னு தனித்தனியாத்தான் இருக்கணும்னு சொல்லல. லைஃப்ரியா நல்ல படிப்பான், ஆனா அது லினக்ஸ்காரங்களுக்கு. நெட்நியூஸ்வயர் பிரமாதம்னு சொல்றாங்க, ஆப்பிள் வாங்கணும். கியூட்டிங்கிற (Qt) நிரல் கருவியில எழுதின ஆர்எஸ்எஸ் கார்டு (RSS Guard) விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் ஓடுது, கூட உலாவியைக் கட்டி இழுக்கணும்னு அவசியமில்ல. மியூசியத்துப் படத்துல இருக்கிறது அதுதான். தம்பி, அது இலவசம், அதோட நிரலும் திறந்து கிடக்கு. (நான் நிரல் எழுதுற விஎஸ் கோடும் எலக்ட்ரான்தான். தெரியும். யாரும் கமெண்ட்ல வந்து கண்டுபிடிச்ச மாதிரி சொல்ல வேணாம்.)

நைனாவுக்குப் போட்டுக் கொடுத்தது தண்டர்பேர்டு. அதுல மெயிலும் ஓடையும் ஒரே இடத்துல, ஒவ்வொரு தளமும் ஒரு பெட்டி மாதிரி. முதல் நாள் பார்த்துட்டு "இன்னாடா இது, சார்ட்டிங் கேஸ் மாதிரியே கீது"ன்னார். காலையில காபி குடிச்சிட்டு உட்காருவார். பதினெட்டு வந்திருக்குன்னா பதினெட்டையும் படிப்பார், இல்ல தலைப்பைப் பார்த்து தள்ளுவார். "முடிஞ்சுது"ன்னு மூடிட்டு மோட்டார் போடப் போவார். அந்த "முடிஞ்சுது"ன்ற வார்த்தையை நான் போன் வச்சிருக்கிற யார் வாயிலருந்தும் கேட்டு ரொம்ப நாளாச்சு. கட்டைவிரல் தேயுற வரைக்கும் தள்ளிகினே இருக்கோம்.

"இவ்வளவு பேசுறவன் இதையும் சமூக ஊடகத்துலதானே எழுதுற?" ஆமாம், இங்கதான் எழுதுறேன். நீங்க எல்லாரும் இங்க இருக்கீங்க, வேற எங்க போய் எழுதுறது, பாகாயம் பஸ் பின்னாடியா?

சரி, சொல்லிடறேன். நம்ம வாத்தியார் 2012 வரைக்கும் சொந்தத் தளத்துல எழுதினார். வாரம் ஒன்னு, திங்கக்கிழமை ராத்திரி. என் படிப்பான் பட்டியல்ல மேலருந்து ரெண்டாவது பேரு அவருடையது. அப்புறம் எல்லாரும் போறாங்கன்னு அவரும் ஒரு சமூக ஊடகத்துக்குப் போயிட்டார். அவரோட கடைசி மாசத்துல ஆஸ்பத்திரியிலருந்து நாலு பதிவு போட்டிருக்கார், ஒன்னுல என் பேரைக்கூட சொல்லியிருக்கார். எனக்கு ஒன்னும் காட்டல. அந்த மாசம் முழுக்க எனக்கு ஏர் கூலர் விளம்பரமும் யாரோ ரெண்டு சினிமாக்காரங்க சண்டையும்தான் காட்டுச்சு. காரியத்துக்கு மொதநாள் வேற ஒருத்தர் போன் பண்ணிச் சொல்லித்தான் தெரிஞ்சது. காந்தி நகர்ல இருந்து அவர் வீடு நடந்து போற தூரம்.

ஓடை இருந்திருந்தா மட்டும் போய்ப் பார்த்திருப்பியா, போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேன்னு என் பொண்டாட்டியே கேட்டா. கேட்டிருக்கலாம். அதுக்குப் பதில் என்கிட்ட இல்ல. ஆனா அந்த ரெண்டாவது பேரை நான் இன்னும் பட்டியல்ல இருந்து எடுக்கல. படிக்காதது பூஜ்யம்னு காட்டிகினு இருக்கு. நீ படம் புடிச்சுப் போட்டு வட்டம் போட்டு "இது 12 வருஷமா அப்டேட் ஆகல ஹிஹி"ன்னு எழுதினது அந்தப் பேரைத்தான் தம்பி.

உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்ட. உனக்குத் தமிழ்99 தட்டச்சு சொல்லிக்கொடுத்தவன் நான், உன் குணம் எனக்குத் தெரியும். வட்டத்தை மட்டும் எடுத்துடு. மியூசியம் ஜோக்கு இருக்கட்டும், அது நல்லாத்தான் இருந்தது.

யாருக்காவது படிப்பான் போட்டுக்கணும்னா சனிக்கிழமை சாயங்காலம் பென்டிரைவோட கடைக்கு வாங்க, என் பட்டியலையும் தரேன், வேணாததை நீக்கிக்கலாம். காசு வேணாம். மச்சான் மட்டும் இருநூறு ரூபா எடுத்துகினு வாங்க.