கடக்கால் தோண்டும் முன்னால் ஒரு மாதம்

சித்தி மகன் குடியாத்தத்தில் வீடு கட்டப் போகிறான். பிளான் எங்கேடா என்று கேட்டால் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. "இந்த எலிவேஷன்தான்க்கா. உள்ள ரூமெல்லாம் மேஸ்திரி பாத்துப்பாரு." மனை மேற்குப் பார்த்தது. எனக்குப் பகீரென்றது.

2015-ல் வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் செய்ததும் அதேதான். 30க்கு 40 மனை, மேற்கு வாசல், ஹாலில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். வரைந்து கொடுத்த இன்ஜினியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. குடிபோன பிறகு வந்த முதல் மே மாதம், ராத்திரி 9 மணிக்குப் படுக்கையறைச் சுவரில் முதுகைச் சாய்த்த அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தொட்டுப் பார்த்தேன். இறக்கி வைத்துக் கொஞ்ச நேரமான தோசைக்கல் சூடு.

வேலூர் வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மே மாதம் 40 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூடு வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்பதை நான் தேடிப் படித்ததுதான் காலம் கடந்த வேலை. காங்கிரீட் தளமும் மேற்குச் சுவரும் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கிற நேரத்தில் உள்ளே விடுகின்றன. பெரிய படுக்கையறை கன்னி மூலையில்தான் வர வேண்டும் என்கிறோம். நானும் வாஸ்து பார்க்கிறவள்தான். ஆனால் கன்னி மூலை தென்மேற்கு. சாயங்கால வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான் இறங்கும். அங்கே அலமாரியை வைக்கலாம், கட்டில் தலைமாட்டை வைக்கக் கூடாது.

சன்ஷேடும் அப்படித்தான். நாலு பக்கமும் ஒரே அளவில் போட்டுவிட்டுப் போகிறார்கள். தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு நன்றாகவே நிழல் தரும், உச்சி வெயில் மேலிருந்து வருகிறது. மேற்கே 4 மணிக்கு மேல் வெயில் சாய்ந்து சன்ஷேடுக்கு அடியிலேயே நுழைந்துவிடும். அங்கே நிமிர்ந்து நிற்கிற தடுப்பு வேண்டும்: ஓட்டை ஓட்டையாக இருக்கிற சிமென்ட் ஜாலி, இல்லாவிட்டால் மரம். 2021-ல் கண்ணாடியைப் பாதிக்கு அடைத்து, முன்னால் ஜாலிச் சுவர் எழுப்பி, ஒரு புங்கங்கன்றும் வைத்தோம். இடித்த குப்பையை அள்ளவே தனியாக ஆள் கூலி கொடுத்தோம்.

இதையெல்லாம் பாட்டி வீட்டைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். மெட்ராஸ் ஒட்டு வீடு அது. மரக்கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தவைத்து, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டு ஓடு பதித்த தளம். கூரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்கு வென்டிலேட்டர். மேலே ஏறுகிற அனல் காற்று அப்படியே வெளியே போய்விடும். தாத்தா அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் சித்திரை, வைகாசியிலும் லுங்கி நெய்தார். இன்று ஏசி போடுகிறோம் என்று முதலில் அடைப்பது அந்த ஓட்டையைத்தான்.

மாடிப்படி பற்றி ஒன்று. தளம் 10 அடி உயரம் என்றால், 8 அங்குலப் படியாக வைத்தால் 15 படியில் முடிந்துவிடும், இடமும் மிச்சம். எங்கள் வீட்டில் அப்படித்தான். அம்மா மாடிக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. 6 அங்குலம் என்றால் 20 படி, கூடுதலாக 4 அடி நீளம் தேவை. அந்த 4 அடியைப் பிளானில்தான் எடுக்க முடியும், பிறகு எங்கே போவது?

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியை மனைக்கு அழைத்துப் போனேன். கயிறு பிடித்து, கோலமாவால் அவன் சொன்ன 10க்கு 10 அறையைத் தரையில் போட்டோம். முதலில் இந்த 10 சுவரோடு சேர்த்தா, உள் அளவா என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. உள் அளவு என்றே வைத்துக்கொண்டு ஆறரை அடிக்குக் கட்டிலை வரைந்தோம், எதிரே பீரோவை வரைந்தோம். நடுவில் போய் நின்றான்.

"அக்கா, பீரோவத் தொறந்தா ஆள் நிக்க எடமில்லையே."

பூமி பூஜையை ஒரு மாதம் தள்ளிப் போடச் சித்தி ஒத்துக்கொண்டார். நாளை சாயங்காலம் 4 மணிக்கு மறுபடி மனைக்குப் போகிறோம், வெயில் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்க்க.