சுப்ரீம் கோர்ட் போறவங்ககிட்ட இத சொல்லுங்க

"விடமாட்டேன், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போவேன்"னு சொத்து கேஸ் நடத்துற யார் வேணா சொல்லிக் கேட்டிருப்பீங்க. தாராளமா போகலாம். ஆனா ஹைகோர்ட்ல தோத்தப்புறம் பெரும்பாலும் டில்லியில நாம போடுறது அப்பீலே கிடையாதுங்க, அப்பீல் பண்ண அனுமதி குடுங்கனு கேக்குற மனு, அரசியல் சட்டம் 136-வது பிரிவுல வர்ற எஸ்.எல்.பி., அதாவது ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன். இத கட்சிக்காரர உக்கார வச்சு சொல்ற வக்கீல் ரொம்ப கம்மி, அதுதான் என் கோவம்.

முன்சீப் கோர்ட்ல தோத்தா மேல் கோர்ட்டுக்கு அப்பீல் போறது நம்ம உரிமை. 136 அப்படி இல்ல, அனுமதி குடுக்கறதும் மறுக்கறதும் முழுக்க ஜட்ஜுங்க கையில. ஹைகோர்ட் தீர்ப்பு தப்புனு காட்டுனா மட்டும் பத்தாது, பெரிய சட்டக் கேள்வி இருக்கணும், இல்லனா அப்பட்டமான அநியாயம் நடந்திருக்கணும், சாட்சி சொன்னதெல்லாம் திரும்ப முதல்ல இருந்து அலசுங்கனா பொதுவா கேக்க மாட்டாங்க. அதனாலதான் வருஷக்கணக்கா நடந்த கேஸ் சில நிமிஷத்துல "டிஸ்மிஸ்டு"னு முடிஞ்சிடுது. நகைய அடமானம் வச்சு போனவங்களுக்கு ஏன் தள்ளுபடினு ரெண்டு வரி காரணமாவது எழுதிக் குடுக்கணும், அது அவங்களுக்கு செய்ய வேண்டிய குறைஞ்சபட்ச மரியாதை.

இன்னொண்ணு, காரணம் சொல்லாம மனுவ தள்ளிட்டா ஹைகோர்ட் தீர்ப்பு சரிதான்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதா அர்த்தமே இல்ல. 2000-ல குஞ்ஞயம்மது கேஸ்லயே இத தெளிவா சொல்லிட்டாங்க, ஹைகோர்ட்லயே தீர்ப்ப மறுபடி பாருங்கனு ரிவியூ கேக்குற வழிகூட மூடிடாது. ஹைகோர்ட் தீர்ப்பு அப்படியே நிக்கும், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு ஊரெல்லாம் "சுப்ரீம் கோர்ட்டே எங்க பக்கம்"னு சொன்னா மனசு உடைஞ்சிடாதீங்க.

போறதுன்னு முடிவு பண்ணா ஹைகோர்ட் தீர்ப்பு வந்து 90 நாள்தான் டைம், சர்டிஃபைட் காப்பிக்கு எழுதிப் போட்டு காத்திருக்குற நாள் அதுல சேராது. நம்ம ஊர் வக்கீல் நேரா ஃபைல் பண்ண முடியாது, அட்வகேட் ஆன் ரெக்கார்டுனு அங்க பதிவு பண்ணவங்க மூலமாத்தான் போடணும், தமிழ்ல இருக்குற பத்திரம் சாட்சியம் எல்லாம் இங்கிலீஷ்ல மாத்தணும், எல்லாத்துக்கும் தனித்தனியா காசு. முதல் ஃபீஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே "இதுல என்ன சட்டக் கேள்வி இருக்கு சார், ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க"னு கேளுங்க, கேக்குறதுல வெக்கமே இல்ல.

காசு இல்லாதவங்களுக்கு சுப்ரீம் கோர்ட் சட்டப் பணிகள் குழு இருக்கு, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானமே பாக்காம இலவசமா வக்கீல் வச்சுத் தருவாங்க. இதையும் சேத்து சொல்லுங்க வக்கீல் சார்.