வடிப்பதற்கு முன் கசிவைத் தேடுங்கள்
மூளையின் இரு பக்கமும் அதை மூடியிருக்கும் உறைக்கு அடியில் ரத்தம் தேங்கியிருந்தால், மண்டையோட்டில் துளையிட்டு வடிப்பதே தீர்வு என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. எல்லோருக்கும் அது பொருந்தாது. தலையில் அடிபடாத, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவும் எடுக்காத நடுத்தர வயதுக்காரரின் ஸ்கேன் இப்படி வந்தால், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவம் முதுகுத்தண்டில் எங்கோ கசிகிறதா என்ற சந்தேகம் எழ வேண்டும். மண்டைக்குள் திரவம் குறையும்போது அந்த இடத்தை நிரப்பச் சிரைகள் விரிகின்றன, மூளை கீழே சரிகிறது, உறைக்கு அடியில் நீரும் சில சமயம் ரத்தமும் சேர்கின்றன. மூலக்கசிவை விட்டுவிட்டு மேலே மட்டும் வடித்தால் மீண்டும் சேரும்; நிலைமை மோசமாவதும் உண்டு.

சாதாரண சி.டி. இதில் நன்றாகவே ஏமாற்றும். சரிந்த மூளையின் அடியில் இடைவெளிகள் நெருங்கி வெண்மையாகத் தெரிவதைச் சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு (மூளையைச் சுற்றியுள்ள திரவ இடைவெளியில் ரத்தம் கசிவது) என்றே எழுதிவிடுவார்கள். சி.டி.யில் வெண்மையை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் புது ரத்தம் பொதுவாக 60-ஐ ஒட்டியோ மேலேயோ இருக்கும். இந்தப் போலி வெண்மை அதைவிடக் குறைவு. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் உறை முழுவதும் சீராக ஒளிர்ந்து, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் புடைத்திருந்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் எம்.ஆர்.ஐ. இயல்பாக வந்துவிட்டது என்பதற்காகக் கசிவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

இன்னொன்று: கசிவு என்று சொல்லத் திரவ அழுத்தம் 6 செ.மீ. நீர் உயரத்துக்குக் கீழே இருந்தே ஆக வேண்டும் என்பது பழைய பிடிவாதம். நோயாளிகளில் பலருக்கு அது இயல்பான அளவிலேயே இருக்கிறது. எழுந்து நின்றால் தலைவலி கூடி, படுத்தால் குறைகிறதா என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். கட்டுரையில் அந்தக் கேள்வியே இல்லை.