இது சகஜம்தான் சார்

காலையில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய சொகுசு காரை எடுக்கப் போனால் இடது பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கிறது. டயருக்கும் மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. மற்ற மூன்று மூலையும் நிமிர்ந்து நிற்க, இது மட்டும் முட்டி போட்ட யானை மாதிரி. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் அடியிலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். ஒரு நிமிடம் முனகிவிட்டுப் பின்பக்கம் மெதுவாக எழுந்து நின்றது. அட, தானே சரியாகிவிட்டதே என்று நானும் கிளம்பிப் போனேன். அப்படி மூன்று வாரம் ஓட்டினேன். அந்த மூன்று வாரத்துக்குத்தான் இப்போது தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். இந்த ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. ரப்பர் பையில் காற்றை அடைத்து அதன் மேல் இரண்டு டன்னுக்கு மேல் எடையை உட்கார வைத்திருக்கிறார்கள். புதிதில் சொர்க்கம்தான், பள்ளம் மேடே தெரியாது. ஆனால் ரப்பர் ரப்பர்தானே! மடிப்பு விழும் இடத்தில் வருடக்கணக்கில் மடங்கி மடங்கி வெடிப்பு விடும். காற்று கசியும். கசிந்ததை ஈடுகட்ட, பைக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்த மோட்டார் அது. விடாமல் ஓடினால் சூடேறிக் கருகும். நான் 'தானே சரியாகிவிட்டது' என்று சந்தோஷப்பட்ட ஒவ்வொரு காலையும் அது செத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் சோப்புத் தண்ணீரை அடித்துக் காட்டினார். மடிப்பில் முத்து முத்தாக நுரை கிளம்பியது. பார்க்க அழகாகவே இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த வண்டிக்கு இது சகஜம்தான் சார்."

சகஜம்! இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சகஜம் என்றால் வாங்குவதற்கு முன்னால் ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை? விற்றவர் "ஒரு வேலையும் இல்லை, ஏறி ஓட்ட வேண்டியதுதான்" என்றார். கூட வந்து பார்த்த நண்பன் தோல் சீட்டைத் தடவித் தடவி "இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டியா" என்றான். வாங்கி நான்காம் மாதத்திலிருந்து எது கெட்டாலும் எல்லோருக்கும் அது முன்பே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும்தான் புதுச் செய்தி.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கதைக்கு வருகிறேன். என்ஜினை அணைத்த பிறகு இனிப்பாக ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது. அப்புறம் 'கூலன்ட் குறைவு' என்று டேஷ்போர்டில் எழுத்து. ஊற்றினேன். பத்து நாளில் மறுபடி அதே எழுத்து. பார்த்தால் என்ஜினுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஓடும் இடத்தில் பிளாஸ்டிக்கை வைக்க யாருக்குத் தோன்றியதோ! மெக்கானிக் இரண்டு விரலால் தொட்டார், காய்ந்த சருகு மாதிரி கையோடு நொறுங்கி வந்தது. அந்தத் துண்டை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். குழாயின் விலை பெரிதில்லை. ஆனால் அதை எட்டிப் பிடிக்க மேலே இருக்கும், என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு முழுவதையும் கழற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பதை இந்த வண்டியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கழற்றிய கையோடு "வால்வ் கவர் கேஸ்கெட்டும் எண்ணெய் கசிகிறது, ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் கசிகிறது, இப்போதே மாற்றிவிடலாமா?" என்ற கேள்வி. பிரித்துப் போட்ட என்ஜின் முன்னால் நின்றுகொண்டு வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டியது கியர்பாக்ஸ் ஆயில். வண்டி செய்த நிறுவனம் 'ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை' என்கிறது. யாருடைய ஆயுள்? முதல் ஓனர் வாரண்டி முடிந்து விற்றுவிட்டுப் போகும் வரைக்குமா? பல நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவனே மாற்று என்கிறான், வாங்கிப் பொருத்தியவன் வேண்டாம் என்கிறான். நடுவில் இரண்டாவது கியரில் உதறிக்கொண்டு நிற்பது நான். பழைய ஆயிலை வடித்தபோது பார்த்தேன், கறுப்பு மசி.

டயர் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாதாம். தேய்மானம் கிட்டத்தட்ட ஒன்றாக இல்லாவிட்டால் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். ஆகவே ஒரு ஆணிக்கு நான்கு டயர். பேட்டரியையாவது நாமே மாற்றலாம் என்றால் அதற்கும் ஸ்கேனரை மாட்டி 'புதுசு போட்டாச்சு' என்று வண்டியிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கிழட்டு பேட்டரி என்று நினைத்தே அதைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்.

இதில் டீசல் வேறு. பக்கத்திலேயே போய்ப் பக்கத்திலேயே திரும்பினால் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். உள்ளே கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வந்தால்தான் கரி எரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலையும் இல்லாமல் நெடுஞ்சாலையில் போய்ச் சுற்றிவிட்டு வருகிறேன், வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று.

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது ஓடினாலும் தின்கிறது, நின்றாலும் தின்கிறது.

"வாங்கும்போதே யோசித்திருக்க வேண்டும்" என்று சொல்ல வருபவர்களுக்கு: யோசித்தேன் ஐயா. புதிதாக வாங்கியவர் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததே என்றுதான் யோசித்தேன். வண்டியின் விலை இறங்கியது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை என்பதைத்தான் யோசிக்கவில்லை. கம்ப்ரஸர் வாங்கப் போனால் 'பழைய வண்டிக்குத்தானே, மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள்' என்றா கேட்பார்கள்? கிடைத்த தள்ளுபடியை எல்லாம் தவணை முறையில் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விற்றுத் தொலைக்கலாம் என்றால் இப்போதுதான் இவ்வளவு செலவு செய்திருக்கிறோமே என்று மனம் கேட்கவில்லை. ஓட்டும்போது சுகமாக வேறு இருந்து தொலைக்கிறது. அதுதான் இதில் பெரிய கொடுமை.

போன மாதம் இடது பின்பக்கக் காற்றுப் பையையும் கம்ப்ரஸரையும் மாற்றினேன். "வலது பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் சார், இரண்டும் ஒரே வயசு ரப்பர்" என்று மெக்கானிக் சொன்னார். இவர் பில்லை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்து வேண்டாம் என்றேன். இன்று காலை போய்ப் பார்த்தால் இடது பக்கம் கம்பீரமாக நிற்கிறது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறது.