தட்டுவடை செட்டில் இருப்பது எந்த செட்?

போன வாரம் டியூஷன் முடிந்து பிள்ளைகள் எல்லாம் கிளம்பிய பிறகு ஓர் அம்மா மட்டும் வாசலில் நின்றார். மகன் எட்டாம் வகுப்பு. "மிஸ், நூறு வெர்ப் எழுதி, பக்கத்துலயே தமிழ் அர்த்தம் ஒண்ணு ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க. மனப்பாடம் பண்ணிக்குவான்" என்றார். கையில் ஒரு கையேடும் வைத்திருந்தார். புரட்டிப் பார்த்தேன். 'செட்' என்ற வினைக்கு எதிரே "அமை" என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்.

இந்த ஒற்றைச் சொல் பட்டியல்கள்மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தது. அதில் மிக நீளமான பதிவு இந்த மூன்றெழுத்து வினைக்குத்தான். சுமார் 60,000 சொற்கள். தொடர்களைத் தள்ளிவிட்டுத் தனி வினைக்கு மட்டும் 430 பொருள்கள். (2011இல் 'ரன்' 645 பொருளோடு முந்திக்கொண்டது. ஓடுகிற சொல், முந்தத்தானே செய்யும்.) இதற்கு "அமை" என்று ஒரு சொல்லைக் கொடுத்தால் பிள்ளை என்ன செய்வான்? 'தி சன் செட்ஸ்' என்பதற்கு "சூரியன் அமைக்கிறது" என்று எழுதுவான். எழுதியிருக்கிறான், நான் சிவப்பு மையில் அடித்திருக்கிறேன்.

ஒரே சொல்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் நான் "வை" என்றுதான் சொல்வேன். அலாரம் வைக்கிறோம், பொறி வைக்கிறோம், தீ வைக்கிறார்கள், விலை வைக்கிறார்கள். கோழியை அடை வைக்கிறோம், அதற்கும் ஆங்கிலத்தில் செட்தான். ஓர் ஊரில் கால் வைப்பதும் செட். சாதாரணமாக வைப்பதற்கு 'புட்' போதும், கொஞ்சம் விறைப்பாக எழுத 'பிளேஸ்'. இன்ன இடத்தில், இன்ன மாதிரி என்று பார்த்து வைத்தால் அங்கே செட் வரும். ஆனால் "வை"யையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆங்கிலத்தில் ஒன்றின்மேல் கண்ணை 'செட்' பண்ணினால், அதை முதல்முறை பார்த்தான் என்று பொருள். நம் ஊரில் கண் வைத்தால் சுற்றிப்போட வேண்டும்.

இதுவரை பார்த்ததெல்லாம் யாரோ ஒருவர் செய்கிற வேலை. தானாக நடப்பதற்கும் ஆங்கிலக்காரன் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறான், அங்கேதான் "வை" காலை வாரிவிடும். சூரியன் சாய்கிறது. தயிர் உறைகிறது. ஏற்காட்டில் காப்பிச் செடிக்குக் கோடை மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் வெள்ளை வெளேரென்று பூக்கும், அப்புறம் காய் பிடிக்கும். அந்தக் காய்ப்பிடிப்பும் செட்தான். மழை பிடித்துக்கொண்டால் 'செட் இன்', மலையேறக் கிளம்பினால் 'செட் அவுட்'. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது. உறைவது வேறு, சாய்வது வேறு, பிடிப்பது வேறு. இத்தனையையும் கையில் வைத்திருக்கிற பிள்ளையிடம் "அமை" என்ற ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தபோது வந்த மேஸ்திரி பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். "காங்கிரீட் செட் ஆகட்டுங்க, இன்னைக்கு யாரும் மேல ஏறாதீங்க" என்றார். அச்சு அசல் ஆங்கிலப் பொருள். சாதாரண சிமெண்டுக்கு இந்தியத் தரவிதி சொல்வதும் இதைத்தான்: 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். பக்கத்து மனைக்கு எத்தனை அடி 'செட்பேக்' விட வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி. அந்தக் கையேட்டை எழுதியவரைவிட மேஸ்திரிக்கு இந்த வினை நன்றாகத் தெரியும்.

சரி, நாம் தினமும் சொல்கிற "செட் ஆகலை"? இது ஆங்கிலமே இல்லை. பால் எனக்கு செட் ஆகாது, அந்தச் சட்டை உனக்கு செட் ஆகலை, மாமியாருக்கும் மருமகளுக்கும் செட் ஆகலை, வரன் வந்தது ஆனால் செட் ஆகலை. இதில் ஒன்றைக்கூட அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. பாலுக்கு 'அக்ரீ', சட்டைக்கு 'சூட்', மாமியாருக்கு 'கெட் அலாங்', வரனுக்கு 'ஒர்க் அவுட்'. தமிழில் பால் ஒத்துக்கொள்ளாது, சட்டை எடுப்பாக இல்லை, இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை, வரன் அமையவில்லை. பார்த்தீர்களா, கையேட்டின் "அமை" இங்கே வந்து உட்காருகிறது, அதுவும் ஆங்கிலத்தில் செட் வராத இடத்தில்!

"செட் ஆகலை" என்று பேசுவதைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானே பேசுகிறேன். அது நாம் செய்துகொண்ட தமிழ்ச்சொல். பிள்ளை அதை ஆங்கிலம் என்று நினைத்து, 'மில்க் இஸ் நாட் செட் ஃபார் மீ' என்று தேர்வில் எழுதும்போதுதான் வயிறு எரிகிறது.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். செட்-செட்-செட் என்று வினையின் மூன்று வடிவத்துக்கும் ஒரே முகம். 'ஹீ செட்' என்றால் இறந்த காலம், நிகழ்காலமாக இருந்தால் 'செட்ஸ்' என்று வந்திருக்கும். 'செட்டட்' கிடையாது, கிடையவே கிடையாது.

இந்தச் சொல்லின் பிறப்பை மட்டும் வகுப்பில் ஆசையாகச் சொல்வேன். 'சிட்' தன்வினை, 'செட்' அதன் பிறவினை. அமர், அமர்த்து மாதிரி. இரு, இருத்து மாதிரி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. 'சீட்' என்பதும் அதே வேரில் வந்ததுதான். ஏற்காடு லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து பொழுது சாய்வதைப் பார்த்தால் சிட், சீட், செட் மூன்றும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

அந்த அம்மாவிடம் பட்டியல் தர மறுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். மறுநாள் பையனையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போனேன். தட்டுவடைமேல் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடி அக்கா நீட்டினார்.

"மிஸ், தட்டுவடை செட்டுல இருக்குறது எந்த செட்?" என்றான் பையன்.

இது வினையே இல்லை, பெயர்ச்சொல் என்றேன். ஒரு கூட்டம், ஒரு தொகுதி என்ற பொருளில் வரும் செட், லத்தீன் 'செக்டா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, 'சிட்'டோடு பிறந்தது இல்லை. எங்கள் செட், மேளம் செட், முறுக்கு செட் எல்லாம் அந்த வகையறா. பின்னாளில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து பழகிவிட்டன.

அவன் விடவில்லை. "ஆனா அக்கா ஒண்ணு மேல ஒண்ணு பார்த்துப் பார்த்து வைக்கிறாங்களே மிஸ். அது வினைதானே?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காதான் முந்திக்கொண்டார்: "பேசிட்டே இருந்தீங்கன்னா நமுத்துப் போயிரும் கண்ணு, முதல்ல சாப்புடு."