மேற்கு வர்ஜீனியாவின் முதல் ஆளுநர்: ஒரு திருத்தம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து உருவான மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் முதல் ஆளுநர் பிரான்சிஸ் பியர்பாண்ட் என்று பலர் குறிப்பிடுகின்றனர். பணிவுடன் திருத்துகிறேன்: அப்பதவியை முதலில் வகித்தவர் ஆர்தர் போர்மன்.

1861 ஜூன் மாதம் வீலிங் நகரில் கூடிய மாநாடு (அதற்குத் தலைமை வகித்தவரும் போர்மன்தான்) பியர்பாண்டை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது உண்மையே. ஆனால் அது, அமெரிக்காவிலிருந்து பிரிந்து, ரிச்மண்ட் நகரிலிருந்து இயங்கிய வர்ஜீனியா அரசை ஏற்க மறுத்து, அமெரிக்க ஒன்றிய அரசின் பக்கம் நின்றவர்கள் மீட்டமைத்த வர்ஜீனியா அரசுக்கான பதவி. 1863 ஜூன் 20 அன்று புதிய மாநிலம் பிறந்தபோது போர்மன் அதன் ஆளுநரானார். பியர்பாண்டோ தம் அரசை அலெக்சாண்ட்ரியாவுக்கு மாற்றிக்கொண்டு, வர்ஜீனியா ஆளுநராகவே தொடர்ந்தார். 'மேற்கு வர்ஜீனியாவின் தந்தை' என்று அவர் போற்றப்படுவதால் இக்குழப்பம் எளிதில் நேர்கிறது.

அம்மாநில அரசு ஆவணக் காப்பகத்தின் ஆளுநர் பட்டியலில் முதல் பெயரை யாரும் சரிபார்க்கலாம்.