மார்க்குக்குக் கொடுத்தது போதும், கூலிக்குக் கொடுங்க

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் நம்ம மதுரைப் பக்கம் கல்வி உதவித்தொகை விழாக்கள் களைகட்டிவிடும். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று எந்த ஊர் மண்டபத்தில் எட்டிப் பார்த்தாலும் மேடை, சால்வை, ஷீல்டு, கவர். விண்ணப்பத்தில் முதல் கேள்வியே மொத்தம் எத்தனை மார்க் என்பதுதான். 450க்கு மேல் எடுத்த பிள்ளைக்குக் கவர். கொடுக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் 240 மார்க் எடுத்து ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் சேரப்போகிற பையனுக்கு அந்த மண்டபத்தில் ஒரே இடம்தான் இருக்கிறது. கேட்டரிங்காரரோடு வந்து பந்தி பரிமாறலாம்.

நானும் ஐ.டி.ஐ. டர்னர்தான். லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் பையன்கள்தான் வேலை கேட்டு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

"அரசு ஐ.டி.ஐ.யில் எல்லாமே இலவசமாச்சே, அப்புறம் எதுக்கு உதவித்தொகை?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். உண்மைதான், பயிற்சிக் கட்டணம் கிடையாது. சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, ஷூ, புத்தகம் தருகிறார்கள். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை என்றால் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே 1,000. அந்த 750ஐயும் இந்த 1,000ஐயும் சேர்த்தால் 1,750. தமிழ்நாட்டில் இது நடக்கிறது என்பதே பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை.

ஆனால் வீட்டில் போடுகிற கணக்கு வேறு. கட்டட வேலைக்குக் கையாளாகப் போனாலே ஒரு நாளைக்கு 600 ரூபாய்க்குக் குறையாது. 1,750 என்பது மூன்று நாள் கூலி. மாதத்தில் மிச்ச நாளெல்லாம் அந்தப் பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பது குடும்பத்துக்கு நஷ்டம். குழுக் கடனுக்கு வாராவாரம் பணம் கட்டுகிற அம்மாவிடம் போய், "ரெண்டு வருஷம் பொறுத்துக்கங்கக்கா, பையன் மேலே வந்துருவான்" என்று சொல்வது நமக்குச் சுலபம். பொறுத்துக்கொள்வதற்கும் காசு வேண்டும்.

இன்னொன்று, நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்தது. முறுக்குக் கம்பெனி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஆந்திராவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் முறுக்குச் சுடுகிற வேலைக்குப் பையன்கள் போவது பல வருஷக் கதை. ஏஜென்ட் வீட்டுக்கே வந்து முன்பணத்தை மொத்தமாகக் கையில் வைத்துவிட்டுத்தான் பையனைக் கூட்டிப் போவான். உதவித்தொகையோ அட்மிஷன் முடிந்து, பேங்க் கணக்குத் திறந்து, ஆதார் இணைத்து, பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் அதையும் திருத்தி, பிறகுதான் வரும். அந்த இடைவெளியில்தான் பையன் ரயில் ஏறிவிடுகிறான். ஏஜென்ட் கெட்டவன்தான். ஆனால் எந்த நாளில் காசு கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது, நம்ம அறக்கட்டளைகளுக்குத் தெரியவில்லை.

எந்தத் தொழிலைப் படிப்பது என்பதைக்கூட இந்தக் காசுதான் முடிவு செய்கிறது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருஷம். வெல்டர் ஒரு வருஷம். மெஷினில் ஆசை உள்ள பையன்கூட, சீக்கிரம் முடியும் என்று வெல்டரில் சேருகிறான். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. ஒரு வருஷ வித்தியாசத்தில் அந்த வழி இவனுக்கு அடைபட்டுப் போகிறது.

வெல்டிங்கும் லேசுப்பட்ட தொழில் இல்லை, கொஞ்சம் மேலே போக வழி செய்தால். கேட்டுக்கு கிரில் அடிப்பவனுக்குக் கிடைக்கிற கூலியும், டிக் வெல்டிங்கில் பைப்பைச் சாய்த்து வைத்து ஒட்டும் 6ஜி டெஸ்டில் பாஸ் ஆனவன் வாங்குகிற சம்பளமும் ஒன்றா? அங்கே ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், கண்ணால் பார்த்து ஓகே சொல்கிற கதையெல்லாம் கிடையாது. திருச்சி பெல் நிறுவனத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அங்கே பயிற்சியும் தருகிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவன் இப்படி ஒரு பயிற்சிக்குப் போக வேண்டுமென்றால் ஃபீஸ், தங்கும் செலவு, அதுவரை போகிற கூலி என்று மூன்றுக்கும் பணம் வேண்டும். இதற்கு ஸ்பான்சர் செய்கிற ஒரு சங்கத்தையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

வேலை கிடைத்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஓசூரிலோ ஒரகடத்திலோ அப்ரென்டிஸ் ஆர்டர் வரும். ரூமுக்கு அட்வான்ஸ், பாத்திரம், முதல் சம்பளம் கைக்கு வரும்வரை மெஸ் சாப்பாடு. இந்த ஆரம்பச் செலவுக்கு வழியில்லாமல் ஊரிலேயே தங்கி, பிறகு டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்களை எனக்கே தெரியும். கையில் சர்டிபிகேட் இருக்கிறது, வண்டிக்கு மாதத் தவணையும் இருக்கிறது.

காசு கொடுத்தால் செல்போன் வாங்கிவிடுவான் என்பார்கள். சிலர் வாங்குவார்கள். எஞ்சினியரிங் பையன் வாங்கினால் லேப்டாப், ஐ.டி.ஐ. பையன் வாங்கினால் ஊதாரித்தனமா? வருகைப் பதிவைப் பார்த்து மாதாமாதம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது!

ஊர்ச் சங்கம், அறக்கட்டளை நடத்துகிற அண்ணன்மாருக்கும் சிங்கப்பூர், துபாயிலிருந்து பணம் அனுப்புகிற தம்பிமாருக்கும் என் கோரிக்கை இதுதான். அடுத்த வருஷம் நூறு பேருக்கு இரண்டாயிரம் என்று பிரித்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, பத்துப் பேரைப் பிடியுங்கள். பாதிப் பேராவது பெண்பிள்ளைகளாக இருக்கட்டும், மதுரை புதூரில் அவர்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சேருகிற அன்றைக்கே வீட்டில் ஒரு தொகை, பிறகு மாதாமாதம் கொஞ்சம், வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது மிச்சம். விண்ணப்பத்தில் மார்க் கேட்கிற கட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டுக்கு எவ்வளவு கடன், வாரத் தவணை எவ்வளவு என்று கேளுங்கள். மேடையும் சால்வையும் வேண்டுமானால் அவன் முதல் சம்பளம் வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பந்திச் செலவை அவனே ஏற்றுக்கொள்வான்.